ஊட்டிக்கு மீன் சுமந்த டாக்டர், கொள்ளிடத்தில் நின்றுபோன உல்லம்: யார் இந்த 'இன்னொரு' பிரான்சிஸ் டே?

பிரான்சிஸ் டே என்று கூகுளில் தட்டினால் முதலில் வருபவர் 1639-இல் சென்னைக்கு இடம் பார்த்தவர். கோட்டை, மெட்ராஸ் டே கொண்டாட்டம், ஆகஸ்ட் மாத ஹேஷ்டேக் எல்லாம் அவர் கணக்கு. இந்தக் கட்டுரை அவரைப் பற்றியது இல்லை. அவருக்கு இருநூறு வருஷம் கழித்து அதே பெயரில் மெட்ராஸ் வந்திறங்கிய ஒரு ராணுவ டாக்டரைப் பற்றியது.

ஏரிக்கரையில் கூடாரம், கையில் தூண்டில், காலையில் மூடுபனி. இப்படி ஒரு லீவுக்கு பிளான் போடுகிற யாருமே இந்த டாக்டரைத் தாண்டிப் போக முடியாது. நீலகிரியில் டிரவுட், காவிரியில் மஹ்சீர், டெல்டா குளத்தில் விரால் என்று எந்த மீனைத் தேடினாலும் அதன் கதையில் எங்காவது டே பெயர் இருக்கும்.

மருந்துப் பெட்டியோடு வந்தவர்

1829-இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் இருக்கும் மேர்ஸ்ஃபீல்டில் பிறந்தவர் டே. லண்டனில் மருத்துவம் படித்தார். 1852-இல் கிழக்கிந்திய கம்பெனியின் மெட்ராஸ் மருத்துவப் பணியில் சேர்ந்தார். வந்த வேகத்தில் பர்மா போர். அதன் பிறகு சில இடங்கள் சுற்றி கொச்சியில் சிவில் சர்ஜன் ஆனார்.

வாழ்க்கை திரும்பியது கொச்சியில்தான். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் காயல், நடுவில் ஒரு டாக்டர். நோயாளி பார்த்த நேரம் போக மீதி நேரம் மீன் சந்தையில் கழிந்தது. 1863-இல் கொச்சியின் வரலாற்றைப் பற்றி ஒரு புத்தகம், 1865-இல் மலபார் மீன்களைப் பற்றி இன்னொரு புத்தகம். இரண்டாவதுதான் அவரை ஊருக்குக் காட்டியது. அதற்குள் அவர் முழுநேர மீன் பைத்தியம் ஆகியிருந்தார்.

முதல் ஆசை: வெள்ளைக்காரர் லீவுக்கு மீன்

1860-களின் ஊட்டியைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்க. ஜான் சல்லிவன் வெட்டிய ஏரி இருக்கிறது. குளிர் இருக்கிறது. இங்கிலாந்து மாதிரியே வீடு, தோட்டம், நாய், குதிரை எல்லாம் வந்துவிட்டன. மலை ஓடைகளில் தண்ணீர் கண்ணாடி போல ஓடுகிறது. ஆனா அதில் சாயந்திரம் தூண்டில் போட்டால் அவர்கள் ஊர் மீன் எதுவும் மாட்டாது. மேலே இருந்தவை எல்லாம் சின்னச் சின்ன மீன்கள். தூண்டிலில் கடித்துவிட்டு அரை மணி நேரம் போராடுகிற டிரவுட் அங்கே கிடையாது.

அதைக் கொண்டுவந்தே தீருவது என்று கிளம்பியவர்களில் டே முதல் ஆள். 1863-இல் ஒரு முயற்சி, 1866-இல் இன்னொரு முயற்சி. சொல்ல எளிது. டிரவுட் குளிர்நீர் மீன். அதன் முட்டைக்குச் சில்லென்ற, காற்றோட்டம் உள்ள தண்ணீர் தொடர்ந்து வேண்டும். தண்ணீர் சூடானால் அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும், முட்டை வெளுத்துச் செத்துப்போகும். சூயஸ் கால்வாய் திறந்ததே 1869-இல்தான். ஊட்டிக்கு மலை ரயிலும் கிடையாது. வெப்பக் கடல்களைத் தாண்டி, சமவெளியின் வெயிலைத் தாண்டி, மலைப்பாதையில் ஏறி அந்த முட்டையை உயிரோடு சேர்ப்பது அந்தக் காலத்தில் கிட்டத்தட்ட நடக்காத காரியம். நடக்கவும் இல்லை. டே-யின் டிரவுட் பிழைக்கவில்லை.

அவருக்குப் பின்னால் வந்தவர்கள் விடவில்லை. 1874-இல் டென்ச் என்ற மீனும் ஒரு வகை ஐரோப்பியக் கெண்டையும் நீலகிரி நீர்நிலைகளில் விடப்பட்டன. 1877-இல் நீலகிரியில் வேட்டைக்காரர் சங்கம் வந்தது. 1879-இல் வேட்டை விலங்குகளையும் மீன்களையும் காக்க தனிச் சட்டமே வந்தது. காப்பாற்றுவது என்றால் யாருக்காக என்று கேட்கக் கூடாது. துப்பாக்கியும் தூண்டிலும் எடுத்து லீவுக்கு வருபவர்களுக்குத்தான்.

இதே காலத்தில் தென் கன்னட மாவட்டத்தில் கலெக்டராக இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873-இல் இந்தியாவில் தூண்டில் போடுவது எப்படி என்று தடிமனான புத்தகம் ஒன்று எழுதினார். எந்த ஆற்றுக்கு எப்போது போவது, என்ன இரை, என்ன நூல், எவ்வளவு பொறுமை என்று எல்லாம் இருந்தது. இன்றைக்கு யூடியூபில் வரும் தூண்டில் வீடியோக்களின் கொள்ளுத்தாத்தா அதுதான். டே அடுத்த வருஷம் ஒரு தென்னிந்திய மீனுக்கு தாமஸ் பெயரையே வைத்தார். இருவரும் நண்பர்கள்.

ஒரு கடிதம் எல்லாவற்றையும் மாற்றியது

ஊட்டி ஏரியிலேயே நின்றிருந்தால் டே-யும் மலைவாழ் கிளப் ஆசாமிகளில் ஒருவராக முடிந்திருப்பார். 1867-இல் ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் சர் ஆர்தர் காட்டன். டெல்டாக்காரர்களுக்கு இந்தப் பெயரைச் சொல்லித் தர வேண்டியதில்லை. கொள்ளிடத்தில் 1830-களில் மேலணையும் அணைக்கரையில் கீழணையும் கட்டியவர், கல்லணையைப் பார்த்து வியந்தவர்.

அந்தக் காட்டனே லண்டனில் இருந்த இந்திய மந்திரிக்கு எழுதினார். அணைகள் ஆற்றில் குறுக்கே நிற்பதால் மீன் வளம் அழிகிறதா என்று பார்க்கச் சொன்னார். அணை கட்டியவரே அணையைச் சந்தேகப்பட்டது அபூர்வம். அரசாங்கம் இந்தக் கேள்வியை விசாரிக்க ஒருவரைத் தேடியபோது மெட்ராஸ் பணியில் இருந்த மீன் டாக்டர் கண்ணில் பட்டார்.

டே ஆறுகளில் இறங்கினார். முதலில் மெட்ராஸ் மாகாணம், பிறகு ஒரிசா, வங்காளம், பர்மா. 1871-இல் இந்தியாவின் மீன்வளத் தலைமை ஆய்வாளர் ஆனார். அப்படி ஒரு பதவி அதற்கு முன் இந்தியாவில் இருந்ததில்லை.

டெல்டாவில் அவர் கண்டது என்ன?

காரைக்காலின் வடகோடியில் பூவம் இருக்கிறது. நண்டலாற்றைத் தாண்டினால் பொறையாறு, இன்னும் கொஞ்சம் வடக்கே போனால் தரங்கம்பாடி. டே சுற்றிய காலத்தில் பூவம் பிரெஞ்சுக்காரர் கையில், சுற்றியிருந்த தஞ்சாவூர் மாவட்டம் ஆங்கிலேயர் கையில். தண்ணீருக்கும் மீனுக்கும் அந்தக் கோடு தெரியாது. காவிரி கடைசியில் விரல் விரலாகப் பிரிந்து கடலில் விழும் இடம் இது. உப்புத் தண்ணீரும் நல்ல தண்ணீரும் கலக்கும் முகத்துவாரத்தில் கொடுவா, மடவை. உள்ளே வாய்க்காலிலும் வயலிலும் விரால், குறவை, கெளுத்தி, அயிரை.

மீன் அறிவியலில் இந்தக் கரைக்கு டே வருவதற்கு முன்பே பெயர் உண்டு. தரங்கம்பாடியில் டேனிஷ் மிஷனரியாக இருந்த கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் இங்கே பிடித்த மீன்களை பெர்லினுக்கு அனுப்பினார். அவற்றைப் பார்த்துத்தான் பிளாக் என்ற டாக்டர் பல தென்னிந்திய மீன்களுக்கு அறிவியல் பெயர் வைத்தார். 1791-இல் தரங்கம்பாடி அருகே ஒரு குளத்துக்கரைப் பனைமரத்தில், தண்ணீரிலிருந்து ஐந்தடி உயரத்தில் ஒரு மீனைப் பிடித்ததாக டால்டோர்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி எழுதினார். பனையேறி என்று நம்ம ஊரில் சொல்லுகிற மீன். அது உண்மையிலேயே பனை ஏறுமா என்ற சண்டை ஐரோப்பாவில் பல பத்தாண்டுகள் ஓடியது.

டே இந்தச் சண்டையை டாக்டர் மாதிரி அணுகினார். பனையேறி, விரால் வகை மீன்களைத் தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வரவிடாமல் தடுத்து வைத்துப் பார்த்தார். தண்ணீருக்குள் இருந்தே அவை மூச்சுமுட்டிச் செத்தன. அதாவது அவற்றுக்கு நேரடியாகக் காற்று வேண்டும். கோடையில் குளம் வற்றும்போது சேற்றுக்குள் புதைந்து கிடந்து, மழை வந்ததும் வெளியே வரும் விராலை டெல்டாவில் எந்தத் தாத்தாவும் சொல்வார். டே அதைச் சோதனை செய்து பதிவாக்கினார்.

அவர் அதிகம் கவலைப்பட்டது வேறு மீனுக்கு. உல்லம். வங்காளிகள் இலிஷ் என்று தலையில் வைத்துக் கொண்டாடும் அதே மீன். கடலில் வாழும், முட்டையிட ஆற்றில் மேலே ஏறும். வெள்ளம் வரும்போது கொள்ளிடத்தில் கூட்டமாக ஏறி வரும். அணைக்கரை வந்ததும் சுவர். அதற்கு மேலே போக முடியாமல் அணையின் அடியிலேயே மீன் திரண்டு நிற்கும். வலை போட்டவர்களுக்கு அள்ள அள்ளக் குறையாது. முட்டையோடு அள்ளினால் அடுத்த வருஷத்துக்கு என்ன மிஞ்சும்?

வரைபடம், வலைக்கண், சண்டை

1873-இல் இந்தியா மற்றும் பர்மாவின் நன்னீர் மீன்கள் பற்றிய அறிக்கை வெளியானது. அதை எழுதிய விதம் சுவாரசியம். நாடு முழுக்க தாசில்தார்களுக்கும் உள்ளூர் அதிகாரிகளுக்கும் கேள்விகள் போயின. மீன் குறைந்திருக்கிறதா, வலைக்கண் எவ்வளவு சிறியது, குஞ்சுகளைப் பிடிக்கிறார்களா, சந்தையில் மீன் கிடைக்கிறதா என்று. வந்த பதில்கள் மாவட்டம் மாவட்டமாக அறிக்கையில் இடம்பெற்றன. ஒரு வகையில் இந்தியாவின் முதல் பெரிய மீன் கணக்கெடுப்பு அது.

அவர் கேட்டவை இவை: வலைக்கண்ணுக்குக் குறைந்தபட்ச அளவு வேண்டும். வாய்க்கால் மதகிலும் வயல் வரப்பிலும் நிரந்தரமாக வைக்கும் பொறிகளை எடுக்க வேண்டும். விஷம் கலந்து மீன் பிடிப்பது நிற்க வேண்டும். அணைகளில் மீன் ஏறிப்போக வழி வேண்டும். குஞ்சுகளைச் சந்தையில் விற்கக் கூடாது.

படிக்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனா இதில் ஒரு சிக்கல் உண்டு. வரப்பில் பறி வைப்பவர் யார்? மடை திறந்ததும் ஓடிப்போய் நாலு கெளுத்தி பிடித்துக் குழம்பு வைக்கும் கூலிக்காரர். ஊத்தா கொண்டு குட்டையில் குத்துபவர் யார்? நிலமில்லாதவர். அவர்களுக்கு மீன்தான் கறி. ஆற்றின் குறுக்கே கல் சுவர் எழுப்பியது யார்? அரசாங்கம். டே இரண்டையும் குற்றம் என்றார். ஆனா அறிக்கையில் விரல் அதிகமாக நீண்டது பறி வைத்த கைகளை நோக்கித்தான். அணையை இடிக்கச் சொல்ல அவரால் முடியாது, அது சர்க்காருக்கு வரி கொடுக்கும் நெல்லின் அடிப்படை.

அதே சமயம் அவரைத் தூக்கி எறியவும் முடியாது. முன்பு பல இடங்களில் மீன் பிடிக்கும் உரிமை குத்தகையாக மீனவர்களிடம் இருந்தது, ஆங்கில ஆட்சி வந்ததும் யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் பிடிக்கலாம் என்று ஆனது, அதனால்தான் தொழில்முறை மீனவர் நொடிந்தார், மீனும் குறைந்தது என்று தன் சொந்த அரசாங்கத்தின் மீதே குறை வைத்தார். ஒரு அதிகாரி அப்போது இதை எழுதியது சின்ன விஷயம் இல்லை.

மாகாண அரசுகள் ஆர்வம் காட்டவில்லை. ஏழைகளின் சாப்பாட்டில் கை வைத்துவிட்டோம் என்ற பெயர் வேண்டாம் என்று சிலருக்கு. இதெல்லாம் நடைமுறைக்கு வராது என்று சிலருக்கு. 1877-இல் டே ஓய்வு பெற்றார். அந்தப் பதவியும் அவரோடு போய்விட்டது. இந்திய மீன்வளச் சட்டம் 1897-இல்தான் வந்தது. தண்ணீரில் வெடி வைப்பதையும் விஷம் கலப்பதையும் அது குற்றமாக்கியது. டே அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

புத்தகமும் ஒரு பெரிய கோபமும்

ஓய்வுக்கு முன்னும் பின்னுமாக 1875 முதல் 1878 வரை வெளிவந்தது 'தி ஃபிஷஸ் ஆஃப் இந்தியா'. கிட்டத்தட்ட 200 படப் பக்கங்கள், அவற்றில் பலவற்றை அவரே வரைந்தார். ஒவ்வொரு மீனுக்கும் ஊர்ப் பெயர்களையும் சேர்த்தது அவர் செய்த நல்ல காரியம். தமிழ், தெலுங்கு, மலையாளம், ஒரியா என்று வரிசையாக இருக்கும். எழுத்துக்கூட்டல் சில இடங்களில் சிரிப்பை வரவழைக்கும். ஆனாலும் 150 வருஷத்துக்கு முன் கோரமண்டல் கரையில் எந்த மீனை என்னவென்று கூப்பிட்டார்கள் என்று தெரிய இன்றும் அதைத்தான் புரட்ட வேண்டியிருக்கிறது.

லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தின் மீன் பிரிவை ஆண்டவர் ஆல்பர்ட் குந்தர். டே-க்கும் அவருக்கும் ஆகாது. இனம் பிரிப்பதில் சண்டை, ஒருவர் வேலையை ஒருவர் குறை சொல்வதில் சண்டை. 1883-இல் லண்டனில் நடந்த சர்வதேச மீன்வளக் கண்காட்சியில் இந்தியப் பகுதியை டே-தான் கவனித்தார். இந்தியாவில் இருந்து சேர்த்த பதப்படுத்திய மீன்கள் அவரிடம் மலைபோல் இருந்தன. சொந்த நாட்டு மியூசியத்துக்குத் தருவார் என்று எல்லோரும் எதிர்பார்க்க, பெரிய பகுதியை சிட்னியில் இருக்கும் ஆஸ்திரேலிய மியூசியத்துக்கு விற்றுவிட்டார். அதனால்தான் காவேரி, கிருஷ்ணா, ஐராவதி ஆற்று மீன்களை ஆய்வு செய்பவர்கள் இன்றும் சில நேரம் சிட்னிக்கு எழுத வேண்டியிருக்கிறது. ஈகோவுக்கு விலை இருக்கு பாருங்க.

அவரும் தப்பு செய்தார். ஆற்றில் பெரிதாக வளரும் மஹ்சீர்களை அதிகம் பிரித்துப் பார்க்காமல் பெரும்பாலும் ஒரே பெயருக்குள் அடக்கினார். காவிரியில் மட்டுமே வாழும், முதுகு கூன் போட்ட பெரிய மஹ்சீர் தனி இனம் என்று அவருக்குப் படவில்லை. 1946-இல் கபினியில் வான் இங்கென் என்பவர் தூண்டிலில் பிடித்த 120 பவுண்டு மீன் உலகச் சாதனையாகப் பேசப்பட்டது. அதற்கப்புறமும் அந்த இனம் எது என்பது குழப்பமாகவே இருந்தது. 2018-இல்தான் அதற்கு உரிய அறிவியல் பெயர் உறுதியானது. அதே வருஷம் ஐயூசிஎன் அதை மிக ஆபத்தான நிலையில் உள்ள இனமாக அறிவித்தது. பெயர் கிடைத்த கையோடு சிவப்புப் பட்டியல். இடையில் தூண்டில் விளையாட்டுக்காகவும் மீன் பெருக்கவும் வேறு ஊர் மஹ்சீர் குஞ்சுகளைக் காவிரியில் விட்டதும் அதற்கு ஒரு காரணம்.

டே கடைசி வருஷங்களில் இங்கிலாந்தில் செல்டன்ஹாமில் இருந்தார். இங்கிலாந்து மீன்கள் பற்றி எழுதினார். பிரிட்டிஷ் இந்தியாவின் உயிரினங்கள் வரிசையில் மீன்களுக்கான இரண்டு தொகுதிகள் 1889-இல் வெளிவந்தன. 1,400-க்கும் மேற்பட்ட இனங்கள் அதில் உண்டு. அதே வருஷம் ஜூலையில் வயிற்றுப் புற்றுநோயால் இறந்தார். வயது 60.

இப்போ லீவு பிளான் போடுபவர்களுக்கு இதில் என்ன?

நேரடியாகவே இருக்கிறது. நீலகிரி, கொடைக்கானல், மூணாறு ஓடைகளில் தூண்டில் போட ஆசைப்பட்டால், அங்கே மாட்டும் டிரவுட் வெளிநாட்டுக்காரன் என்பதை நினைவில் வைக்க வேண்டும். அதை அங்கிருந்து வேறு ஓடைக்கு எடுத்துப்போய் விடுவது கூடவே கூடாது. வனப்பகுதிக்குள் இருக்கும் ஓடை, ஏரி என்றால் வனத் துறை அனுமதி முதலில். மற்ற நீர்நிலைகளில் மீன்வளத் துறையோ குத்தகைதாரரோ சம்மதிக்க வேண்டும். ரூம் புக் பண்ணும் முன்பே இதைக் கேட்டுக்கொள்வது நல்லது. கர்நாடகத்தில் காவிரி சரணாலயத்துக்குள் ஒரு காலத்தில் புகழ்பெற்றிருந்த பீமேஸ்வரி தூண்டில் முகாம்கள் 2010-களின் தொடக்கத்தில் நின்றுவிட்டன. பழைய பயணக் கட்டுரைகளை நம்பிப் போய் ஏமாறுபவர்கள் இன்னும் உண்டு.

பூவம், காரைக்கால் பக்கம் வருபவர்களுக்கு மலை கிடையாது, மூடுபனி கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் தை மாதம் வாக்கில் வந்தால் குளமும் வாய்க்காலும் நிறைந்து நிற்கும். விராலுக்குத் தவளையோ சின்ன மீனோ இரை, கெளுத்திக்கு மண்புழு. ஊர்க் குளம் ஏலத்தில் விடப்பட்டிருக்கும், கேட்காமல் தூண்டிலை இறக்கினால் பஞ்சாயத்துதான். விரால் ஜோடி குஞ்சுகளைச் சுற்றிக் காவல் நிற்கும் சமயத்தில் தண்ணீரின் மேல் சிவப்பாக ஒரு குஞ்சுக் கூட்டம் மிதக்கும். அந்த நேரத்தில் தாய் மீன் எதைப் போட்டாலும் பாய்ந்து கடிக்கும். பிடிப்பது சுலபம். அதனாலேயே ஊர்ப் பெரியவர்கள் அதை விட்டுவிடச் சொல்வார்கள்.

டே விட்ட இரண்டு வேலைகள்

அவர் இறந்து பதினெட்டு வருஷம் கழித்து, 1907-இல் நீலகிரி அவலாஞ்சியில் டிரவுட் குஞ்சுப் பண்ணை அமைந்தது. மெட்ராஸ் அரசின் மீன் வளர்ப்பு நிபுணர் எச்.சி. வில்சன் அதைக் கவனித்தார். இந்த முறை ரெயின்போ டிரவுட் நின்றது. டே 1866-இல் ஆசைப்பட்டது மலை ஓடைகளில் நீந்த ஆரம்பித்தது. பண்ணை இன்றும் இருக்கிறது.

அதே வில்சன் 1909-இல் கொள்ளிடம் கீழணைக்கு வந்தார். அணையின் அடியில் திரண்ட உல்லத்தைப் பிடித்து, முட்டையைச் செயற்கையாகக் கருவுறச் செய்து பொரிக்க வைத்துப் பார்த்தார். பொரித்தது. மீன் ஏறிப்போக அணையில் வழி செய்து பார்த்ததும் நடந்தது. அது கைகொடுக்கவில்லை. உல்லம் அந்த வழியில் ஏறவில்லை. 1934-இல் மேட்டூர் அணையும் வந்தது.